60 கிலோவுக்கு ஒரு கோச்சா?

முந்தாநாள் நான் 60 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து தூக்குவது) செய்து போட்ட வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "60 கிலோவுக்கு ஒரு கோச்சா? யூடியூப் போதாதா?" என்றார் ஒருவர். அதற்கு 41 சிரிப்பு. நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவரும் அந்த 41-இல் இருக்கிறார். சரி, சிரியுங்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன், முடியவில்லை.

கோச் இருப்பது எடையைத் தூக்கிக் கொடுக்க அல்ல, பார்க்க. தூக்கும்போது என் முதுகு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யூடியூபை நான் பார்க்கலாம், அது என்னைப் பார்க்காது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் என் ஆற்றாமை.

மூன்று வருடம் முன்பு நானும் யூடியூப் கட்சிதான். இணையத்தில் ஒரு 12 வாரத் திட்டத்தை எடுத்து நானே செய்தேன். திட்டத்தில் குறை இல்லை, இன்றைக்கும் சொல்வேன். ஐந்தாவது வாரம், 80 கிலோ, ஐந்து ரெப், அதாவது தொடர்ந்து ஐந்து முறை தூக்க வேண்டும். முந்தைய இரவு நான்கு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அட்டவணைக்கு அது தெரியுமா? ஐந்து என்று போட்டிருந்தது, ஐந்து எடுத்தேன். நான்காவதிலேயே முதுகு வளைந்துவிட்டது, பிறகு வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்தது. அடுத்த ஆறு வாரம் எனக்கு சாக்ஸ் மாட்டிவிட்டது என் மகள். பத்து வயதுப் பிள்ளை. இதற்கும் ஒரு சிரிப்பு போட்டுவிட்டுப் போங்கள்.

இப்போதைய கோச் முதல் நாள் பார்பெல்லை, அதான் இரண்டு பக்கமும் எடைத் தட்டு மாட்டும் கம்பியை, தொடவே விடவில்லை. ஒரு குச்சியை முதுகோடு வைத்து, தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் அதில் ஒட்டியபடியே இடுப்பிலிருந்து குனியச் சொன்னார். மூன்று வாரம் இதேதான். எனக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் வெறும் பார், அதுவே 20 கிலோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக பிளேட். தசை சீக்கிரம் தேறிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும், அவசரப்படுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள் என்பார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எடையைக் குறைப்பார். ஒரு நாள் இரண்டாவது செட்டில் (சுற்றில்) பார் மேலே வரும் வேகம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, "போதும் மேடம், இன்னைக்கு வீட்டுக்குப் போங்க" என்றார். எனக்குக் கோபமான கோபம். மறுநாள் காய்ச்சலில் படுத்தேன். எந்த வீடியோ என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்?

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆய்வு என்றால் நம்புவீர்களா? 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் ஏற்கெனவே எடைப் பயிற்சியில் பழக்கமுள்ள ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, இருவருக்கும் ஒரே 12 வாரத் திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர், இன்னொரு குழு தானாகவே. பயிற்சியாளர் இருந்த குழுதான் எடையை வேகமாகக் கூட்டியது, அதிக பலமும் பெற்றது. திட்டம் அதேதான். பக்கத்தில் ஆள் நின்றதுதான் வித்தியாசம்.

"கோச் எல்லாம் இப்போது வந்த ஃபேஷன்" என்றவருக்கு: 1969-லேயே அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லி என்பவரைத் தன் விளையாட்டு வீரர்களுக்குப் பலப் பயிற்சி கொடுக்க வேலைக்கு எடுத்தது. எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று பெரிய பெரிய பயிற்சியாளர்களே பயந்த காலம் அது. ஃபேஷனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

போலி கோச்சுகள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். முதல் நாளே வாந்தி எடுக்க வைத்துவிட்டு அதை ரீல்ஸாகப் போடுகிறவர்கள். பழக்கமில்லாத உடம்பை அப்படிப் பிழிந்தால் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். அதற்குப் பெயர் ராப்டோமயோலிசிஸ், உடம்பைத் தயார்படுத்தும் கண்டிஷனிங் அல்ல. ஆனால் அந்த ரீல்ஸுக்கு "மாஸ்" என்று கமெண்ட் போட்டவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஆமாம், அந்த அளவுக்கு வேலை இல்லாமல்தான் இருக்கிறேன்.

காசு? அது நியாயமான கேள்வி. எல்லாராலும் முடியாது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் 41 பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லையே.

கேட்டது வேறு. 25 வயதுப் பையன் கோச் வைத்து 150 தூக்கினால் "டெடிகேஷன்". 46 வயதுப் பொம்பளை 60 தூக்கினால் "இதுக்கு ஒரு கோச்சா". மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி மளமளவென்று குறையும், எடைப் பயிற்சி அதற்கு ஈடுகொடுக்க உதவும். அதனால்தான் தூக்குகிறேன். உங்களுக்குக் காட்ட அல்ல. பிறகு ஏன் வீடியோ போட்டாய் என்று கேட்பீர்கள். போட்டேன். சந்தோஷமாக இருந்தது, போட்டேன். அதுகூடவா கூடாது?

சிரித்தவர்களில் ஒருவர் இன்று காலை இன்பாக்ஸுக்கு வந்தார். முதுகு வலியாம், உங்க கோச் நம்பர் கிடைக்குமா என்றார். கொடுத்துவிட்டேன். சிரிப்பை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.