8 டிராக் என்றால் 8 மைக் அல்ல

வியாசர்பாடியில் கானா பாடும் 5 பேர் வீட்டிலேயே பதிவு செய்ய என்ன வாங்கலாம்னு கேட்டதுக்கு, "டாஸ்காம் டிபி-008இஎக்ஸ்ங்கிற பதிவுப் பெட்டி போதும், 8 டிராக், எல்லா மைக்கையும் ஒரே நேரத்தில் சொருகலாம்"னு ஒருத்தர் சொல்லியிருக்கார். தப்பு. அதை நம்பிக் காசைப் போட்டுடாதீங்க தம்பி.

8 டிராக் என்பது பதிந்ததை அடுக்கி வைக்கிற இடம். அந்தப் பெட்டி ஒரே தடவையில் உள்ளே வாங்குவது 2 மைக் மட்டும்தான். ஜூம் ஆர்8 பெட்டிக்கும் இதே கணக்கு. கடைக்காரரிடம் "ஒரே நேரத்தில் எத்தனை பதியும்?"னு கேளுங்க. ஜூம் ஆர்16, டாஸ்காம் டிபி-24எஸ்டி ரெண்டுலயும் 8 பதியும். ஆனா ஆர்16-ல 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது பெட்டி மைக்குக்குக் கொடுக்கிற கரண்ட், 5, 6-வது இன்புட்டுக்கு மட்டும்தான். அந்தக் கரண்டில் ஓடுற கண்டென்சர் மைக்கை மத்ததுல சொருகினா சத்தமே வராது.

கானாவில் டோலக், பாடுறவர் மூச்சைப் பார்த்துத்தான் நகரும். அதனால 2 இன்புட் பெட்டிதான் கைக்கு எட்டும்னா, டோலக்கையும் பாட்டையும் சேர்த்தே முதல்ல பதியுங்க. பாட்டு டோலக் மைக்கில் ரொம்ப ஏறாம இருக்க, பாடுறவர் அறையின் மறு மூலையில், டோலக்குக்கு முதுகு காட்டி நிக்கட்டும். பிறகு காதை முழுசா மூடுற ஹெட்போன் போட்டு, அதே டோலக்குக்குப் பாட்டை மட்டும் திரும்பப் பாடட்டும். சட்டி மேளம், கோரஸ் எல்லாம் அடுத்த டிராக்குகளில்.

டோலக்கில் ஓங்கி அடிக்கிற அடிதான் பெட்டியில் சத்த அளவைக் காட்டுற மீட்டரை உச்சத்துக்குத் தள்ளும். அந்த அடியே -12 டெசிபலைத் தாண்டாத மாதிரி லெவல் வைங்க. டிஜிட்டலில் ஒருதரம் கிழிஞ்ச சத்தத்தை ஒட்டவே முடியாது.