3 வெள்ளி பல்பு

நேற்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு இங்கே மலேசியாவில், எங்கள் டவுன் முச்சந்தியில், தோட்டத்து வேலைக்குப் போன சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளைப் போலிஸ் நிறுத்திவிட்டது. பின்விளக்கு எரியவில்லை. சரி, தப்புதான், இருட்டில் செம்பனை லாரி ஓடுகிற ரோட்டில் அது விளையாட்டு இல்லை. ஆனால் ஐ.சி. (அடையாள அட்டை) பார்த்து, லைசென்ஸ் பார்த்து, "அண்ணே, நாக் பெர்கி மானா?" என்று மகன் வயதுப் போலிஸ்காரப் பையன் மலாயில் கேட்டு (எங்கே போறீங்க என்றுதான்), பையையும் திறக்கச் சொல்லி (உள்ளே இருந்தது சோற்றுக் கேரியரும் தீட்டுக்கல்லும்) சம்மன் (அபராதச் சீட்டு) எழுதி முடிப்பதற்குள் தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள் கணக்கு) முடிந்துவிட்டது, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் போடவில்லை, அன்றைய கூலி போச்சு. கடையில் அந்த பல்பு 3 வெள்ளி (ரிங்கிட்). இத்தனைக்கும் பிறகு சித்தப்பா எரியாத அதே விளக்கோடுதான் கிளம்பினார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லாரிக்காரன் கண்ணுக்கு அவர் அப்போதும் தெரிந்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகர மன்றம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது, 2022 மார்ச்சில் அமலுக்கு வந்தது. எட்டு சில்லறைக் குற்றங்களுக்காக மட்டும் போலிஸ் வண்டியை நிறுத்தக் கூடாது. சம்மனைத் தபாலில் அனுப்பலாம். கறுப்பின மக்களைத்தான் அதிகமாக நிறுத்துகிறார்கள் என்ற கோபத்தில் பிறந்த சட்டம் அது. காரின் பின்பார்வைக் கண்ணாடியில் எதையாவது தொங்கவிடுவதும் அந்த எட்டில் ஒன்று, நம் ஆட்கள் ருத்திராட்சமும் எலுமிச்சம்பழமும் கட்டுகிற கட்டுக்கு அந்த ஒன்றே போதும்! ஆனால் அங்கேயும் ஒரே ஒரு விளக்கு எரியாமல் இருந்தால்தான் விலக்கு. சித்தப்பாவின் மோட்டாருக்குப் பின்னால் இருப்பதே ஒரு விளக்கு, அந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை.

நான் கேட்பது வேறு. விளக்குக்காக நிறுத்தினால் விளக்கைப் பற்றி மட்டும் பேசு. ஒரு வாரம் தவணை கொடு, மாற்றிக் காட்டாவிட்டால் அப்புறம் சம்மன் போடு. ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரே ஒட்ட வேண்டாம், போனில் இருந்தால் போதும் என்று 2023-ல் சொன்ன நாடு இது, வேகமாகப் போனால் கேமரா படம் பிடித்து வீட்டுக்கே கடிதம் வருகிறது. பையைத் திறந்து பார்க்க ஒரு பல்பு காரணமாக இருக்கலாமா? ஹெல்மெட் இல்லாமல் போகிறவனையும் குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும் தாராளமாக நிறுத்துங்கள், நானே கை தட்டுவேன்.

சித்தப்பா நேற்று மாலையே பல்பை மாற்றிவிட்டார். ஆனாலும் இன்று காலை டவுன் பக்கம் போகாமல் தோட்டத்து மண்ரோட்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு தெருவிளக்குகூடக் கிடையாது.