ஐடில் ஸ்க்ரூவை ஏற்றினால் நடுக்கம் தீராது

மேலே ஒருவர், "பழைய மாருதி 800 சிக்னலில் நின்றால் நடுங்குகிறதா? ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றுங்கள், சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிச் செய்யாதீர்கள். ஐடில் ஸ்க்ரூ என்பது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அதை ஏற்றினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) கூடுவதால் நடுக்கம் மறையும், கோளாறு அப்படியே இருக்கும். பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும்.

என் 1996 மாடல் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டி கோரிப்பாளையம் சிக்னலில் நின்றாலே ஸ்டீயரிங் கையில் அதிரும். கார்பரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், இன்டேக் மேனிஃபோல்டில் (அந்தக் கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாயில்) செருகியிருந்த வேக்குவம் ஹோஸ் என்ற ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது. மேலே நன்றாகத்தான் தெரிந்தது. வளைத்துப் பார்த்தபோதுதான் அடிப்பக்கம் மயிரிழை போல வாய் பிளந்தது. அதன் வழியே உள்ளே போகும் காற்றுக்குக் கணக்கே கிடையாது, கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். நம்ம மதுரை வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் ரப்பர் எத்தனை வருடம் தாங்கும்? நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினேன், நடுக்கம் நின்றது.

ஹோஸ் சரியாக இருந்தால், சிலிண்டரில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாவிட்டாலும் வண்டி குலுங்கும். கழற்றினால் ஒரு பிளக் மட்டும் கரியாகவோ ஈரமாகவோ இருக்கும், அந்த சிலிண்டரில்தான் வேலை. ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும், அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு.