மூடியைப் போட்டுட்டுத் தண்ணில முக்குங்கப்பா!

இன்னிக்கும் அதே கூத்து. டைவ் முடிஞ்சு படகு இன்னும் கரைக்குத் திரும்பல, அதுக்குள்ள ஒருத்தர் சிலிண்டர்லேருந்து ரெகுலேட்டரை, அதான் காத்தழுத்தத்தைக் குறைச்சு மூச்சுக்குக் கொடுக்கிற சாமானைக் கழட்டி, அதோட வாயை மூடற டஸ்ட் கேப் பாட்டுக்குக் கயித்துல தொங்க, அப்படியே டப்புக்குள்ள அமுக்குறார். சிலிண்டர் காத்து உள்ள நுழையற இன்லெட் வாயிலேருந்து குபுகுபுன்னு குமிழ் வருது. அதையும் நின்னு பார்க்கிறார்! குமிழ் வெளிய வருதுன்னா அந்த இடத்தைப் பிடிக்கத் தண்ணி உள்ள போகுதுன்னு அர்த்தம் சாமி.

கடல்ல 30 மீட்டர் ஆழத்துல இருந்தப்பகூட அந்த இன்லெட்டுக்குள்ள ஒரு சொட்டு போகல. சிலிண்டர்ல மாட்டியிருக்கு, ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம் பிடிச்சிருக்கு, உள்ள காத்தழுத்தம் இருக்கு. அப்பேர்ப்பட்ட சாமான் ஒரு முழத் தண்ணில மூழ்கிப் போச்சு. அதுவும் என்ன தண்ணி? அதுக்கு முன்னாடியே எட்டுப் பேர் சாமானை அலசின தண்ணி. நாக்குல வெச்சா கரிக்கும்.

இதோட விட்டாரா? வெளிய எடுத்து ரெண்டு உதறு உதறிட்டு, இப்போ கேப்பை எடுத்து இறுக்கி மூடறார்! போட வேண்டிய நேரத்துல போடாம, உள்ள போன உப்புத் தண்ணி வெளிய வந்துடாதபடி பூட்டு போடறார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து கேப்பை மறுபடி கழட்டி, இடது கைல ரெகுலேட்டரையும் கேப்பையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால சிலிண்டர் வால்வைத் திறந்து 'புஸ்ஸ்ஸ்'னு ஊதறார். படகுல இருந்த அத்தனை பேர் காதும் அடைச்சுப் போச்சு.

இந்த ஊதுற பழக்கத்தை யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். புதுச்சேரி, அந்தமான், திருகோணமலை, எங்க போனாலும் இதே சத்தம். அவ்வளவு வேகமா வர்ற காத்து கேப்புல பட்டுத் தெறிக்கும்போது, அதுல இருக்கிற துளி எல்லாம் எங்க போகும்? பக்கத்துலயே வாயைத் திறந்துக்கிட்டு இருக்கே இன்லெட், அங்கதான். காய வைக்கிறேன்னு சொல்லி அடிச்சு உள்ள ஏத்துறீங்க. ஒரு காஞ்ச துண்டு போதும். கேப்போட உள்பக்கம் ஒரு குழி இருக்கும், தண்ணி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். துண்டு முனையைத் திருகி அந்தக் குழிக்குள்ள விட்டுத் துடைங்க. சத்தமில்லாம வேலை முடிஞ்சுது.

கழட்டும்போது வரிசை இதுதான். வால்வை மூடு. வாயில வெச்சுக்கற பாகத்துல இருக்கிற பர்ஜ் பட்டனை அழுத்திக் காத்தை வெளியேத்து. அழுத்தம் காட்டற கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்துச்சான்னு பாரு. ரெகுலேட்டரைச் சிலிண்டரோட இறுக்கிப் பிடிக்கிற யோக் திருகைச் சுத்தித் தேங்கி நிக்கிற தண்ணியைத் துடை, இல்லன்னா தளர்த்தின உடனே அது நேரா உள்ளதான் வழியும். அப்புறம் கழட்டு, துடை, காஞ்ச கேப்பைப் போடு. முழுசா ஒரு நிமிஷம் ஆகாது.

மாட்டும்போது வேற விஷயம். அப்போ சிலிண்டர் வால்வை ஒரு நொடி லேசா திறந்து மூடத்தான் வேணும், ஆள் இல்லாத பக்கமாத் திருப்பி. வால்வு வாயில நிக்கிற தண்ணி தெறிச்சு ஓடிடும். அதைச் செய்யாம மாட்டினா, வால்வைத் திறந்ததும் மொத்தத் தண்ணியையும் காத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள்ள, அதான் ரெகுலேட்டர்ல சிலிண்டரோட சேர்ற பாகத்துக்குள்ள தள்ளிடும். ஊத வேண்டிய இடத்துல ஒருத்தரும் ஊதறதில்ல, வேண்டாத இடத்துல ஊதியே தீரணும்!

"சின்னத் துளிதானே"ன்னு ஒரு பதில் ரெடியா வெச்சிருக்காங்க. அந்தச் சின்னத் துளி முதல்ல இன்லெட்ல இருக்கிற ஃபில்டர்ல உட்காரும். சர்வீஸுக்குத் திறக்கும்போது ஃபில்டர் பச்சை பூத்திருந்தா, கேப் கதை முழுக்க அங்கயே தெரிஞ்சுடும். பழுப்பா இருந்தா இரும்பு சிலிண்டரோட துரு, கருப்பா இருந்தா கம்ப்ரஸர் பக்கம் கோளாறு. ஃபில்டரைத் தாண்டிப் போன உப்பு காஞ்சு பரல் பரலா நிக்கும். உள்ள காத்தை அடைக்கிற வால்வு சீட்டுங்கறது மெத்துனு இருக்கிற பிளாஸ்டிக், அது போய் அழுந்துறது கூரான விளிம்புல. நடுவுல ஒரு உப்புப் பரல் மாட்டினா சீட்டுல தடம் விழும், அடைப்பு சரியா நிக்காது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைச்சு ஹோஸுக்கு அனுப்புற, 9, 10 பார்ல நிக்க வேண்டிய இடை அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கடைசில வாயில வெச்சுக்கற செகண்ட் ஸ்டேஜ் தாங்க முடியாம 'ஸ்ஸ்ஸ்'னு கசிய ஆரம்பிக்கும். உடனே "செகண்ட் ஸ்டேஜ் போச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. ஐயா, அது பாவம், ஒரு தப்பும் பண்ணல. ஒரு கேஜை மாட்டி அழுத்தம் நிக்குதா ஏறுதான்னு பார்த்தா ரெண்டு நிமிஷத்துல குட்டு வெளிப்பட்டுடும்.

பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல உடம்பைச் சுத்தி ஓட்டை இருக்கேன்னு கேட்பீங்க. அது ஸ்பிரிங் அறை, நனையத்தான் செய்யும். அங்க நல்ல தண்ணியைத் தாராளமா ஓட விடணும். நனையவே கூடாதது இன்லெட் பக்கம். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

அலசுறதுக்கு நல்ல வழி, சிலிண்டர்ல மாட்டி வால்வைத் திறந்து வெச்சே அலசறதுதான். அழுத்தம் இருக்கிறப்போ தண்ணி காத்துப் பாதைக்குள்ள எங்கயும் நுழையாது, பர்ஜை எவ்வளவு வேணாலும் அழுத்தலாம். சிலிண்டர் இல்லையா? கேப் இறுக்கமா இருக்கணும், பர்ஜ் பட்டன்ல கை படவே கூடாது, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் எப்பவும் மேல இருக்கணும். அழுத்தமில்லாம பர்ஜை அழுத்தினா தண்ணி ஹோஸ் வழியாப் பின்வாசல்ல நுழைஞ்சுடும். டின் (DIN) ரெகுலேட்டர், அதான் யோக் இல்லாம வால்வுக்குள்ளயே திருகி மாட்டற வகை, வெச்சிருக்கிறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், அதுக்கு வர்ற பிளாஸ்டிக் மூடிகள்ல பலதும் தூசிக்குத்தான் ஆகும், தண்ணியைத் தடுக்காது. அப்புறம் நிழல்ல காய வைங்க, ஹோஸ் மடங்காம.

தப்பித் தவறி நனைஞ்சே போச்சா, வாயைத் திறந்து சொல்லுங்க. சத்தமில்லாம அடுத்தவங்களுக்கு மாட்டி விடாதீங்க. அடுத்த டைவுல அதை வாயில வெச்சுக்கப் போறது இன்னொரு உயிர். அன்னிக்கே திறந்து சுத்தம் பண்ணினா சாமான் பிழைக்கும், ஒரு வாரம் ஈரத்தோட பையில கிடந்தா பித்தளை பச்சையாகிடும்.

இவ்வளவும் சொல்லி முடிச்சுத் திரும்பினா, ரெகுலேட்டருக்குன்னு தனியா வெச்ச அந்த டப்புக்குள்ள ஒரு வெட்சூட், அதான் டைவ் அடிக்கப் போட்டுக்கற ரப்பர் உடுப்பு, ஊறிக்கிட்டிருக்கு. கடல்ல இருந்தப்போ அந்த வெட்சூட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு டைவ் அடிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணிலதான் நாம மவுத்பீஸை அலசணுமா? வெட்சூட்டுக்குத் தனி டிரம் ரெண்டடி தள்ளித்தான் இருக்கு, ரெண்டடி!