மிக்ஸி சத்தமும் ஆக்குபேஷனல் தெரபியும்: முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கு

மிக்ஸி ஓடினால் வேறு அறைக்கு ஓடுகிறவர்கள், சட்டைக் காலர் லேபிள் நாள் முழுக்க உறுத்துகிறவர்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தலை கனத்துப்போகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்ன வயதில் அடம் என்றும், வளர்ந்த பிறகு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதவர் என்றும் பெயர் வாங்கியவர்கள். இவர்களில் சிலர் இப்போது முப்பது, நாற்பது வயதில் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைச் செய்ய முடியும்படி வழிகாட்டும் சிகிச்சைக்கு, போக ஆரம்பித்திருக்கிறார்கள். ஆட்டிசமோ, ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாடோ தாமதமாகத் தெரியவந்து போகிறவர்கள் உண்டு. எந்தப் பெயரும் இல்லாமல், தாங்க முடியவில்லை என்பதற்காகவே போகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதப் பணமும் நம்பிக்கையும் வீணாகாமல் இருக்க ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தப் புலனில் பிரச்சினை என்று தொடங்காதீர்கள். ஒரு நாளில் எந்த வேலை உங்களுக்கு ஓடமாட்டேன் என்கிறது என்று தொடங்குங்கள்.

"எனக்குச் சத்தம் ஆகாது" என்று போய் உட்கார்ந்தால் பேச்சு பொதுவாகவே போகும், கடைசியில் ஒரு ஹெட்போன் வாங்கச் சொல்லி அனுப்புவார்கள். "காலை ஆறரையில் இருந்து ஏழரை வரை சமையலறையில் நின்றுவிட்டு வந்தால் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன். எரிந்து விழாமல் டிபன் பாக்ஸ் கட்டி அனுப்ப வேண்டும்" என்று போனால் வேலை செய்வதற்கு இடம் கிடைக்கிறது. எந்த நேரம், எந்த இடம், யார் யார் இருக்கிறார்கள், எது முதலில் வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. இந்தத் தெரபியின் பலமே அதுதான்.

அதற்கு முன்னால் சில பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். சத்தம்தான் முக்கியத் தொந்தரவு என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரையும், கேட்புத்திறனை அளக்கும் ஆடியாலஜிஸ்ட்டையும் பார்க்க வேண்டும். வழக்கமான கேட்புத்திறன் சோதனையோடு, எந்த அளவு சத்தத்தில் அசௌகரியம் தொடங்குகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். நாமாகக் கேட்டால்தான் பெரும்பாலும் செய்வார்கள். ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, சமீபத்தில் திடீரென்று ஆரம்பித்திருந்தாலோ இதைத் தள்ளிப்போடவே கூடாது. வெளிச்சம் கூசுகிறது என்றால் கண் உலர்வும் ஒற்றைத் தலைவலியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு என்றால் சர்க்கரை, பி12. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் உடம்பு எப்போதும் படபடப்பாகவே இருக்கலாம். பக்கத்தில் ஒருவர் மென்று சாப்பிடும் சத்தத்துக்கு மட்டும் கோபம் தலைக்கேறுகிறது, மற்ற சத்தமெல்லாம் பரவாயில்லை என்றால் அது வேறு வகை. அதற்கு மனநல ஆலோசகரும் கூட இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரிய சிக்கல், தெரபிஸ்ட்டைக் கண்டுபிடிப்பது. தெருவுக்குத் தெரு இருக்கும் தெரபி சென்டர்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. அங்கே தொங்கும் ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் பெரியவரின் எடைக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாது. போனிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை இப்போது பார்க்கிறீர்களா? மதிப்பீட்டுக்குப் பெரியவர்களுக்கான கேள்வித்தாள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? எத்தனை வாரம் கழித்து மறுபடி அளப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்துக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன். தெரபிஸ்ட் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். சில மாத சர்டிபிகேட் கோர்ஸ் இதற்கு ஈடாகாது. குழந்தைகள் சென்டரை விட, ஆக்குபேஷனல் தெரபித் துறை தனியாக உள்ள பெரிய மருத்துவமனைகளிலும் மனநல மறுவாழ்வுப் பிரிவுகளிலும் பெரியவர்களோடு பழகிய தெரபிஸ்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம். வேலூர் சி.எம்.சி.யில் அப்படி ஒரு துறை இருக்கிறது.

முதல் நாளைக்கு ஒரு வாரக் குறிப்பு எடுத்துக்கொண்டு போங்கள். கதை எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு, எங்கே, எது தாங்கவில்லை, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது, இவ்வளவு போதும். கடைசியாகச் சொன்ன அந்த நேரக் குறிப்புதான் பொன்னானது. ஒரே ஹார்ன் சத்தத்துக்குத் திங்கட்கிழமை ஐந்து நிமிடத்திலும் வியாழக்கிழமை இரண்டு மணி நேரத்திலும் மீள்கிறீர்கள் என்றால், ஹார்னை விட்டுவிட்டு புதன்கிழமை இரவுத் தூக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு அதிகம் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று (Adolescent/Adult Sensory Profile) 2002இல் வந்தது. 60 கேள்விகள், பதினொரு வயதுக்கு மேல் யாரும் நிரப்பலாம். அதன் அடிப்படை, வின்னி டன் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1997இல் முன்வைத்த நான்கு போக்குகள்: வருவதையே கவனிக்காமல் விடுவது, தேடிப் போவது, எளிதில் தாக்கப்படுவது, ஒதுங்கிப்போவது. ஒரே ஆள் சத்தத்தில் ஒதுங்குகிறவராகவும், அசைவில் தேடிப் போகிறவராகவும், பசி தாகத்தில் கவனிக்காதவராகவும் இருக்கலாம். பசியே தெரியாமல் மூன்று மணி வரை வேலை பார்த்துவிட்டு, மாலையில் எல்லாச் சத்தமும் அடிக்கிறதே என்று தவிப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியவருவதே பாதி உதவி.

இந்தத் தாளை நிரப்பும்போது நடக்கும் ஒரு தவறு முடிவையே கெடுத்துவிடும். கல்யாண மண்டபத்துக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆனவர், கூட்டச் சத்தம் எவ்வளவு தொந்தரவு என்ற மாதிரிக் கேள்விக்கு 'எப்போதாவது' என்று குறிப்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை, போனால்தானே தொந்தரவு! ஆனால் மதிப்பெண் குறைந்து, பிரச்சினை சின்னதாகத் தெரியும். போனால் என்ன ஆகும், போகாமல் இருக்க என்னென்ன ஏற்பாடு செய்கிறீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள்.

இதோடு, கனடாவில் உருவான COPM என்ற அளவுகோலையும் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். அதிகபட்சம் ஐந்து வேலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றில் இருந்து பத்து வரை நீங்களே மதிப்பெண் போடுவது. சில வாரம் கழித்து மறுபடி போட்டால், இரண்டு புள்ளி ஏறியிருந்தால்தான் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம். தெரபிஸ்ட் 'நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்கீங்க' என்று சொல்வதை விட உங்கள் கையால் போட்ட அந்த எண் நம்பகமானது.

இனி அந்தச் சமையலறைக்கே வருவோம். மிக்ஸி, குக்கர், எக்ஸாஸ்ட் ஃபேன், குழாயில் விழும் தண்ணீர், பக்கத்து அறையில் டிவி. இதில் ஒவ்வொன்றும் தனியாக வந்தால் தாங்குகிறவர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக வரும்போது உடைகிறார்கள். அதனால் முதல் வேலை அடுக்கைக் கலைப்பது. சட்னிக்கு வேண்டியதை முந்தின இரவே அரைத்து வைக்கலாம், முடியாவிட்டால் மிக்ஸி ஓடும்போதாவது எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிடலாம். கிரானைட் மேடை மிக்ஸியின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும், சுவர் மூலை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். தடித்த ரப்பர் மேட் போட்டு, மூலையில் இருந்து வெளியே நகர்த்தி வையுங்கள். மேட் மோட்டாரின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது, சூடாகி நின்றுவிடும். துண்டை மடித்து வைப்பவர்கள் செய்யும் தவறு அதுதான். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, விசிலை எண்ணுவதை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள். பருப்பு அதே பதத்தில் வேகும்.

அடுத்தது முன்னறிவிப்பு. எப்போது வரும் என்று தெரிந்த சத்தமும், நம் கையால் நிறுத்த முடிகிற சத்தமும், அதே டெசிபலில் இருந்தாலும் குறைவாகவே தாக்கும். ஸ்விட்சைப் போடும் முன் 'அரைக்கப் போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்வதை வீட்டில் எல்லோரும் பழக்கமாக்கினால், அதற்கு ஒரு பைசா செலவில்லை. குடும்பத்திடம் கேட்க வேண்டியவற்றில் முதலிடம் நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருக்கும் நான்கைந்து நிமிடத்துக்குத்தான் காதடைப்பு. ஃபோம் அடைப்பானைச் சும்மா செருகினால் பாதிப் பலன்கூட இருக்காது. விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை 30 நொடி விரலால் பிடித்திருக்க வேண்டும். உங்கள் குரல் உங்களுக்கே கனமாக, குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஏசி, ஃபேன், பஸ் என்ஜின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலுக்கு அருமையானது. குக்கர் விசிலுக்கும் ஹார்னுக்கும் அதன் எலக்ட்ரானிக்ஸ் பெரிதாக உதவாது, காதை மூடியிருக்கும் பஞ்சு தடுப்பதுதான் மிச்சம். பெரிய விலை கொடுத்துவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் பலர்.

அமைதியான வீட்டுக்குள்ளும் நாள் முழுக்க அடைத்துக்கொண்டு இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. வெளியில் இருந்து சத்தம் குறையக் குறைய, மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. சில வாரத்தில் கரண்டி விழுவதுகூடத் தாங்க முடியாமல் போகலாம். இருட்டுக் கண்ணாடியை வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதை, கண் இருட்டுக்குப் பழகி, பிறகு ஜன்னல் வெளிச்சமே கூசும். பாதுகாப்பு என்பது தேவையான இடத்துக்கு, தேவையான நிமிடத்துக்கு மட்டும்.

அதற்காக 'போகப் போகப் பழகிடும்' என்று கூட்டத்தில் தள்ளிவிடும் குடும்ப வைத்தியத்துக்கும் நான் முழுக்க எதிரி. தாங்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டு தவித்த ஒவ்வொரு முறையும், அடுத்த முறைக்கு உடம்பு இன்னும் சீக்கிரமாக அலாரம் அடிக்கக் கற்றுக்கொள்கிறது. நல்ல தெரபிஸ்ட் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். மண்டபம் என்றால் முதலில் நேரத்தைக் கூட்டுவார், ஆனால் பந்தலுக்கு வெளியே, ஸ்பீக்கரில் இருந்து தள்ளி. அது சரியானபின் தூரத்தைக் குறைப்பார், நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு. உடையும் புள்ளிக்கு முன்பே வெளியே வர வேண்டும். வெளியே வரும் வழியும், திரும்பிப் போக வண்டியும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

உடம்பு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கொடுக்கும் வேலை பலருக்கு உடம்பை அமைதிப்படுத்துகிறது. சுவரைத் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது, தண்ணீர் வாளி தூக்குவது என்று எதுவானாலும் சரி. கஷ்டமான வேலைக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால் செய்ய வேண்டும். உடைந்த பிறகு ஆரம்பித்தால் பலன் குறைவு. உள்ளே கனம் வைத்துத் தைத்த எடைப் போர்வைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. சென்னை வெயிலில் அதற்குள் வியர்த்து, அந்தக் கசகசப்பே புதுத் தொந்தரவாகும். இரண்டு கிலோ அரிசியைக் காட்டன் பையில் கட்டி மடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர்களும், தானாக விலக்கும் பலம் இல்லாதவர்களும் போர்வையைத் தவிர்க்க வேண்டும். சில தெரபிஸ்ட்கள் பயன்படுத்தும், பிரஷ்ஷால் தோலைத் தேய்க்கும் முறையை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. லேபிளைக் கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் ஓரம் முன்னை விட அதிகம் குத்தும், டெய்லர் வைத்திருக்கும் தையல் பிரிப்பானால் நூலையே எடுத்துவிடுங்கள். மலிவான எல்இடி பல்புகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அந்த பல்பை மாற்றுங்கள்.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் 1960கள், 70களில் உருவாக்கிய சென்சரி இன்டக்ரேஷன் (புலன் ஒருங்கிணைப்பு) முறை குழந்தைகளை வைத்து வளர்ந்தது. பிரிட்டனில் ஆட்டிசக் குழந்தைகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இந்த முறைக்கு வழக்கமான கவனிப்பை விட அதிகப் பலன் தெரியவில்லை. பெரியவர்களுக்கான ஆய்வுகள் இன்னும் குறைவு. எனவே 'உங்க நரம்பையே மாத்தி அமைக்கிறோம், நாற்பது செஷன் பேக்கேஜ், முழுப் பணமும் முன்னாடியே' என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சூழலை மாற்றுவது, வேலையைப் பிரிப்பது, அளவாகப் பழகுவது, இந்த மூன்றுக்கும் பெரும்பாலானவர்களுக்கு வாரம் ஒரு முறை, ஆறில் இருந்து எட்டு வாரம் போதும். பேச்சும் திட்டமும் வீடியோ காலிலேயே நடக்கும். ஒரு முறையாவது தெரபிஸ்ட் உங்கள் சமையலறையையோ வேலை இடத்தையோ நேரில் பார்க்க முடிந்தால் நல்லது.

ஆபீசுக்குக் கடிதம் வேண்டுமென்றால் அதில் நோயின் பெயரை விட வேலையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, புலன் கூச்சம் மட்டும் தனியாக இல்லை. ஆட்டிசச் சான்றிதழ் உள்ளவர்கள் சட்டத்தின் பெயரிலேயே வசதி கேட்கலாம். இல்லாதவர்கள், பேன்ட்ரி கதவுக்குப் பக்கத்து இருக்கையை மாற்றுவது, தலைக்கு மேல் இருக்கும் விளக்கு ஒன்றை அணைப்பது, மீட்டிங்கை முன்கூட்டியே சொல்வது என்று மேனேஜர் அன்றைக்கே சம்மதிக்கக்கூடிய அளவில் கேட்க வேண்டும்.

எட்டு வாரத்தில் நீங்கள் போட்ட மதிப்பெண் நகரவில்லை என்றால் தெரபிஸ்ட்டிடம் அதைச் சொல்லி, வேறு வேலையையோ வேறு வழியையோ எடுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் தூக்கம், பதற்றம், மாத்திரை மூன்றையும் டாக்டரோடு மறுபடி பாருங்கள். நகர்ந்தால் பட்டியலில் இரண்டாவது வேலையைத் தொடங்குங்கள், முதல் வேலைக்கு மூன்று மாதம் கழித்து ஒரு மறுபரிசீலனைக்கு இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். வீடு மாறினாலோ, குழந்தை பிறந்தாலோ, பக்கத்தில் கட்டட வேலை ஆரம்பித்தாலோ அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.