சரக்கொன்றை விதை மலடு இல்லை
"ஒரு ராத்திரி ஊறியும் உப்பாத சரக்கொன்றை விதை மலடு, தூக்கிப் போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தப்பு. அந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. உயிருள்ள விதையும் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடக்கும்.

காயை உடைத்து, கறுப்புப் பிசுபிசுப்பைக் கழுவிவிட்டு, விதையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளுங்கள். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. காய்க்குள் ஒட்டியிருந்த முனையை மட்டும் தொடாதீர்கள், முளை அந்தப் பக்கம்தான். அப்புறம் ஊறப்போட்டால் பெரும்பாலும் மறுநாளே உப்பிவிடும். குல்மொகருக்கும் இதே வைத்தியம்தான்.

விதையை அடுப்பில் வேகவைக்காதீர்கள் (அது சுண்டல் செய்முறை!). கொதித்த நீரை இறக்கி, அதில் போட்டு ஆறவிடலாம். வேலூர் சித்திரை வெயிலில் நாற்றுப் பையை நிழலில் வையுங்கள்.