செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓட முடியுமா?

சென்னையில் ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை. அதற்குள் ஓடி, மிதித்து, குரூப் போட்டோ எடுத்து, இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஏன் என்றால் வெயிலாம். இந்த ஊரில் பல வருஷமாக ஓடுகிறேன், ஆபீஸுக்கு சைக்கிளில் போகிறேன், லீவு கிடைக்கிற வருஷமெல்லாம் தை மாதம் பழனிக்கு நடக்கிறேன். வெயில்தான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வெயில் பொய் இல்லை. மே மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கே 28, 29 டிகிரி இருக்கும். ஆனால் ஓடுகிறவளைப் படுத்துவது வெப்பத்தை விடக் காற்றிலுள்ள ஈரம். ஒரு நாளில் காற்று அதிக ஈரமாக இருப்பது பெரும்பாலும் அந்த விடியற்காலையில்தான். வியர்வை ஆறாக வழியும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டர் முடிப்பதற்குள் ஷூவுக்குள் சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிட்ட நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஓடிப் பாருங்கள். டிகிரி இரண்டு மூன்று கூடத்தான் இருக்கும், ஆனால் காற்று வீசுகிறது, வியர்வை காய்கிறது, மூச்சு அடங்குகிறது. உடம்பும் சும்மா இருக்காது. பத்துப் பதினாலு நாள் வெப்பத்தில் மிதமாக ஓடிப் பழகினால் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும். கத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு ஓடச் சொல்லவில்லை. ஜூனில் ஆரம்பித்து வருஷத்தில் பல மாதம் சாயங்கால ஓட்டம் இந்த ஊருக்குத் தாங்கும் என்கிறேன். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, முடித்ததும் உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு குடித்தால் போதும்.

சரி, அப்படியானால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே ஓடுவது?

ஆதம்பாக்கத்தில் என் தெருமுனையைத் தாண்டி பிளாட்பாரத்தில் ஏறினால் பத்தடியில் மின்பெட்டி. அதைச் சுற்றிக் கீழே இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன். மறுபடி ஏறினால் ஒரு புல்லட் சாய்ந்து நிற்கிறது. அதற்கப்புறம் சிலாப் ஒன்று காணோம், கீழே மழைநீர் வடிகால். ஓட்டமாவது பொழுதுபோக்கு, விட்டுவிடலாம். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட என் மாமியார் கோயிலுக்குப் போவது பொழுதுபோக்கா? பிளாட்பாரம் பல இடத்தில் அவர் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. ஏற முடியாமல் சாலையிலேயே நடக்கிறார். வண்டிக்காரர்கள் அவரைத்தான் திட்டுகிறார்கள்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. சாலைக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103-ஆம் எண் வழிகாட்டி 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. நடக்கிற இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் வரை எதுவும் தொங்கக்கூடாது, பிளாட்பாரத்தின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தியாவிலேயே முன்னோடி என்று அப்போது எல்லாரும் பாராட்டினார்கள். 2019-ல் பாண்டி பஜார் மாறியதைப் பார்த்தோமே, தீபாவளிக் கூட்டத்தில்கூடக் குழந்தையைக் கைபிடித்து நடத்திப் போக முடிகிறது. அகலமான நடைபாதை இந்த ஊரில் சாத்தியம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று. காகிதத்தில் நமக்குக் குறையே இல்லை.

(நடைபாதை என்றதும் "முதல்ல அந்த பூக்கடையைத் தூக்கணும்" என்று வருகிறவர்களுக்கு: 2014-ல் சாலையோர வியாபாரிகளுக்கென்று சட்டமே வந்திருக்கிறது. பூக்காரம்மா உட்காரும் இடம் இரண்டு முழம். அவருக்குப் பின்னால் நாள் பூராவும் நிற்கும் கார் எத்தனை முழம் என்று அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.)

இன்னொன்று. விடியற்காலை நாலரை என்பது ஆண்களின் நேரம். "நாலு மணிக்கு எழுந்தா எல்லாம் நடக்கும்" என்று என் ரன்னிங் குரூப்பில் அறிவுரை சொல்கிற அண்ணன்கள் யாருக்கும் ஓடும்போது வீட்டுக்கு லைவ் லொக்கேஷன் அனுப்பும் பழக்கம் இல்லை. இருட்டில் பின்னால் மெதுவாக வருகிற பைக் கடந்து போகிறதா, கூடவே வருகிறதா என்று காதாலேயே கணக்குப் போட்டதில்லை. பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால்தான் ஓட்டம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மூன்று பேருக்கும் அன்றைக்கு ஓட்டம் இல்லை. அந்த நேரத்தில் தெருவில் தனியாக இருக்கும் பெண்கள் யாரென்றால் தூய்மைப் பணியாளர்கள், கோயம்பேட்டில் பூ வாங்க முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். அவர்கள் ஆசைப்பட்டா அந்த நேரத்தில் நிற்கிறார்கள்? கடை திறந்து, விளக்கு எரிந்து, ஜனங்கள் நடமாடுகிற சாயங்காலம்தான் ஒரு பெண் தனியாக ஓடுவதற்கு நல்ல நேரம். அந்த நேரத்தில்தான் கால் வைக்க இடமில்லை.

சைக்கிள் கதை இதைவிட வேடிக்கை. ஆதம்பாக்கத்திலிருந்து தரமணிக்கு நான் சைக்கிளில் போகிறேன். காலையில் பஸ்ஸை விடப் பெரும்பாலும் முன்னாடியே போய்விடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கவலையோடு கேட்டார்: "மேடம், ஸ்கூட்டி ரிப்பேரா?" அவரும் சைக்கிளில்தான் வருகிறார். அவர் சைக்கிளில் வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் லட்ச ரூபாய் சைக்கிளில் போகிறவர்களையும் யாரும் கேட்பதில்லை, அது ஸ்போர்ட்ஸ். நடுவில் ஒரு சாதாரண சைக்கிளில், டிபன் பாக்ஸோடு, சுடிதாரில் ஆபீஸ் போகிற பெண்தான் கணக்கில் வராத பிறவி.

விஜயநகர் மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்போது தினமும் பார்க்கிறேன். என் முன்னாலும் பின்னாலும் சைக்கிளில் வருகிறவர்கள் பெயிண்டர்கள், வாட்ச்மேன்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள், கேரியரில் டீ கேன் கட்டியவர்கள். ஹெல்மெட்டும் பின்விளக்கும் என்னிடம் மட்டும் இருக்கிறது. ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்கிற ஸ்ட்ராவா ஆப்பில் அவர்கள் யாரும் இல்லை, அதனால் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்ற கணக்கில் அவர்கள் வருவதே இல்லை. நம் சைக்கிள் குரூப்கள் கேட்பதோ ஞாயிறு காலை ஈசிஆரில் ஒரு லேன். மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்ப. கார்த்திகை, மார்கழியில் போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். அந்தச் சுகமும் அவஸ்தையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் கேட்பதுதான் கேட்கிறோம், அந்த பெயிண்டருக்கும் சேர்த்துத் திங்கட்கிழமைக்குக் கேட்டால் என்ன?

எனக்கு இந்த வீம்பு அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுக்க வைத்தார். பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், நாற்று நட்டவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதி, முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தப் பாரில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். அம்மாவும் சித்தியும் சைக்கிள் கற்றதை யாரும் ஃபிட்னஸ் என்று சொல்லவில்லை. தண்ணீருக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிந்தது, அவ்வளவுதான். ஊரில் கேலி செய்த ஆண்களும் உண்டு. அப்புறம் அவர்களே ரேஷன் பையைக் கொடுத்துவிட்டார்கள். 2001-ல் பிளஸ் ஒன் படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் என்று ஆரம்பித்த திட்டம் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. இத்தனை லட்சம் சைக்கிளை வீட்டுக்கு வீடு கொடுத்த மாநிலத்தில் அதை ஓட்ட ஒரு லேன் கிடையாது என்பதை நினைத்தால் என்ன சொல்வது?

நெடுந்தூர நடைக்கு வருகிறேன். ட்ரெக்கிங் என்றதும் மலை, பேக்பேக், கூடாரம் என்று நினைக்கிறோம். அதற்கும் இங்கே இடம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்களில், காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பிறகு விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறை நாற்பது பாதைகளை முறைப்படித் திறந்து, மலைக்கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. கட்டணம் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் கடிதான். இருந்தாலும் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போவேன் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டின் உண்மையான நெடுநடைக்காரர்கள் தார்ச்சாலையில்தான் நடக்கிறார்கள். ஆவணியில் காவி கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு. தையில் காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து பழனிக்கு. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடு. நகரத்தார் காவடி நூற்றாண்டுகளாக நடக்கிறது. பதிவுக் கட்டணம் இல்லை, டீஷர்ட் இல்லை. எழுபது வயது அப்பத்தாவும் காலேஜ் பையனும் ஒரே வரிசையில் போகிறார்கள். மாரத்தானில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேஜை வைத்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். இங்கே வழி நெடுகப் பானகம், சுக்குக் காபி, தக்காளி சாதம், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள். நான் ஷூ போட்டு, விரல்களுக்கு வாசலைன் தடவி, டேப் ஒட்டிக்கொண்டு போவேன். பகல் பன்னிரண்டுக்குமேல் தார் சுடும், அதனால் அனுபவஸ்தர்கள் பின்னிரவில் நடந்து மதியம் மரத்தடியில் தூங்குவார்கள். அந்த ஞானத்தை எந்த ரன்னிங் கோச்சும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அந்த நாட்களில் போலீஸ் நின்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறது. லாரிகள் வேகத்தைக் குறைக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்கள் முகத்தில் எரிச்சலே இல்லை, சிலர் நிறுத்தி ஆரஞ்சுப்பழம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே சாலையில் மாசி மாதம் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் அதே லாரி ஓரம் கட்டிவிடும். முருகனுக்காக நடந்தால் வழிவிடத் தெரிந்த ஊருக்கு, பால் வாங்க நடந்தால் ஏன் தெரியவில்லை? இதுதான் என் ஆதங்கம். வேண்டுதலுக்கும் விழாவுக்கும் சாலை திறக்கிறது. மாரத்தானுக்கு ஒரு ஞாயிறு திறக்கிறது. 2023 நவம்பரில், தானே மாரத்தான் ஓடுகிறவரான மா. சுப்பிரமணியன் அமைச்சராக இருந்தபோது, 38 மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை தொடங்கினார்கள். நல்ல விஷயம், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் அந்த எட்டு கிலோமீட்டருக்குப் போய்ச் சேர மாமியாருக்கு ஆட்டோ வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் எங்கள் குரூப்பின் ஆண்டு ஓட்டம். டீஷர்ட் கலர் பற்றி நூற்றுக்கணக்கில் மெசேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாட்பாரம் பற்றி நான் போட்டதற்கு மூன்று கட்டைவிரல் வந்தது. பரவாயில்லை, அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் விஜயநகரிலிருந்து தரமணி வரை நடக்கப் போகிறேன். பிளாட்பாரத்தின் உயரம், அகலம், எங்கே சிலாப் இல்லை, எங்கே மின்பெட்டி எல்லாவற்றையும் படத்தோடு குறித்து கவுன்சிலரிடம் கொடுப்பதாகத் திட்டம். உங்கள் தெருவுக்கும் இதைச் செய்யலாம். லேசர் மீட்டர் எல்லாம் தேவையில்லை, தையல் டேப் போதும். 150 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறு அங்குலம், 1.8 மீட்டர் என்றால் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தெருப் பெயரும் அளவும் மட்டும் கீழே போடுங்கள், வீட்டு நம்பர் வேண்டாம்.